சர்வீஸை நிறுத்தினா ஸ்பீடு ஏறுமா?

கேம்பஸ் கீபோர்டு

‘மச்சி, சிஸ்டம் செம ஸ்லோடா... ஏதாச்சும் பண்ணு!’

ஹாஸ்டல்ல ‘மெஸ் சாப்பாடு சரியில்லை’க்கு அடுத்தபடியா அதிகம் கேட்கிற புலம்பல் இதுதான். உடனே பக்கத்து ரூம்லேருந்து ஒரு கம்ப்யூட்டர் டாக்டர் கிளம்பி வருவார். லேப்டாப்பை மடியில வாங்கி வெச்சுப்பார். சர்வீசஸ் விண்டோவைத் திறந்து, கடகடன்னு பத்துப் பதினைஞ்சு ஐட்டத்தை டிசேபிள் பண்ணுவார். ‘இப்ப பாரு, பறக்கும்!’னு சொல்லிட்டுப் போயிடுவார்.

பறந்துச்சா? யாரும் அளந்து பார்த்ததில்லை. ரெண்டு மாசம் கழிச்சு ப்ளூடூத் ஹெட்செட் கனெக்ட் ஆகாம மக்கர் பண்ணும்போது, அந்த டாக்டர் மேல யாருக்கும் சந்தேகம் வந்ததும் இல்லை!

இந்த வாரம் அந்த வைத்தியத்தைத்தான் பிரிச்சு மேயப் போறோம். சஸ்பென்ஸ் எல்லாம் வேண்டாம், தீர்ப்பை முதல்லயே சொல்லிடறேன். வேகத்துக்காக விண்டோஸோட சொந்த சர்வீஸ்களை ஆஃப் பண்றது இன்னிக்கு வேஸ்ட். பாதுகாப்புக்காக, என்ன பண்றோம்னு தெரிஞ்சு, ஒண்ணு ரெண்டை ஆஃப் பண்றது புத்திசாலித்தனம். ஏன்னு பார்ப்போம்.

கூப்பிட்டா வரும்... கூப்பிட்டாலும் வராது!

நாம ஐகானை கிளிக் பண்ணாமலே, திரைக்குப் பின்னாடி ஓடிக்கிட்டு இருக்கிற புரோகிராம்கள்தான் சர்வீஸ். வைஃபையைத் தேடிப் பிடிக்கிறதுக்கு ஒண்ணு, ஸ்பீக்கர்ல சத்தம் வர்றதுக்கு ஒண்ணு, பிரின்ட் கொடுத்த ஃபைல்களை வரிசையில நிறுத்தி அனுப்ப ஒண்ணுனு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள். ஸ்டார்ட் மெனுவுல ‘சர்வீசஸ்’னு டைப் பண்ணிப் பாருங்க, மொத்த ஜாதகமும் வரும். அதுல ‘ஸ்டார்ட்அப் டைப்’ங்கிற காலம்தான் முக்கியம். அதுல நாலு வகை இருக்கு.

ஆட்டோமேட்டிக்: சிஸ்டம் ஆன் ஆனதுமே, யாரும் கூப்பிடாமலே வந்து நிற்கும்.

ஆட்டோமேட்டிக் – டிலேட் ஸ்டார்ட்: இதுவும் வரும், ஆனா கொஞ்சம் லேட்டா வரும். ஃபர்ஸ்ட் ஹவர் பாதியில நுழையற கடைசி பெஞ்ச் பார்ட்டி. 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாவுலதான் இந்த வகை சேர்ந்துச்சு.

மேனுவல்: தேவைப்பட்டவங்க கூப்பிட்டா வரும்.

டிசேபிள்டு: யார் கூப்பிட்டாலும் வராது.

நிறைய பேர் சறுக்குறது ‘மேனுவல்’லதான். நாமளே போய் ஸ்டார்ட் பட்டனை அமுக்கணும்னு நினைச்சுக்கறாங்க. அப்படி இல்லை பாஸ். விண்டோஸோ ஏதாவது ஒரு புரோகிராமோ கேட்டா அது தானா எழுந்து வரும். 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல ‘ட்ரிகர் ஸ்டார்ட்’னு ஒண்ணையும் சேர்த்தாங்க. ஒரு குறிப்பிட்ட சம்பவம் நடந்தா மட்டும் சர்வீஸ் முழிக்கும், மத்த நேரம் தூங்கும். ப்ளூடூத் சர்வீஸ் பக்கத்துல ‘மேனுவல் – ட்ரிகர் ஸ்டார்ட்’னு போட்டிருக்கிறது இதனாலதான்.

புரியுதா? நம்ம டாக்டர் செய்ய நினைக்கிற வேலையில பெரும்பகுதியை விண்டோஸே ஏற்கெனவே செஞ்சு வெச்சிருக்கு. தூங்குற ஆளை எதுக்கு வேலையை விட்டுத் தூக்கணும்?

128 எம்பி காலத்து வைத்தியம்

அப்போ இந்த டிப்ஸ் எங்கேருந்துதான் வந்துச்சு? சும்மா வரலை. ஒரு காலத்துல இது நிஜமாவே வேலை செஞ்ச வைத்தியம்.

2001 அக்டோபர்ல விண்டோஸ் எக்ஸ்பி வந்தப்போ அது கேட்ட குறைந்தபட்ச ரேம் 64 எம்பி. 128 எம்பி இருந்தா நல்லதுன்னு சொன்னாங்க. ஒரு சின்ன கணக்கு போடுவோம். வேண்டாத சர்வீஸ் 10, ஒவ்வொண்ணும் 4 எம்பி சாப்பிடுதுன்னு வெச்சுக்கலாம். மொத்தம் 40 எம்பி. 128-ல அது 31 சதவீதம். கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு! அதை நிறுத்தினா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியத்தானே செய்யும்?

இப்போ அதே 40 எம்பியை இன்னிக்கு 8 ஜிபி லேப்டாப்ல வெச்சுப் பாருங்க. 8192 எம்பியில 40. அரை சதவீதம்கூட தேறாது. பிரவுசர்ல ஒரு டேப்பை மூடினாலே இதைவிட அதிகமா ரேம் திரும்பக் கிடைக்கும். சும்மா இருக்கிற சர்வீஸ் ப்ராசஸரையும் தொந்தரவு பண்றதில்லை. ரேம் பத்தலைன்னா, தூங்குற சர்வீஸோட பக்கங்களை விண்டோஸே ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிட்டுடும்.

அந்தக் காலத்துல ஆஃப் பண்ண வேண்டிய சர்வீஸ்களும் நிஜமாவே இருந்துச்சு. எக்ஸ்பியில ‘மெசஞ்சர்’னு ஒரு சர்வீஸ். சாட் பண்ற எம்எஸ்என் மெசஞ்சர் இல்லை, இது வேற. ஒரு நெட்வொர்க்குக்குள்ள அறிவிப்பு அனுப்புறதுக்காக இருந்த ஏற்பாடு. 2002, 2003-ல விளம்பரக் கும்பல் இதைப் பிடிச்சுக்கிட்டு, நெட்ல இருக்கிறவங்க ஸ்கிரீன்ல பாப்-அப்பா கொட்டித் தள்ளிட்டாங்க. தெரிஞ்சவங்க அதை டிசேபிள் பண்ணித் தப்பிச்சாங்க. 2004 ஆகஸ்ட்ல வந்த சர்வீஸ் பேக் 2-ல மைக்ரோசாஃப்ட்டே அதை ஆஃப் பண்ணிடுச்சு.

கவனிங்க, பழைய டிப்ஸ்ல உருப்படியா இருந்த விஷயங்கள் பலதும் இப்படித்தான் விண்டோஸுக்குள்ளயே போயாச்சு. அதுக்கு அப்புறமும் அதே பழைய லிஸ்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு வைத்தியம் பார்த்தா, மிச்சம் இருக்கிறது சைட் எஃபெக்ட் மட்டும்தான்!

இங்கே தட்டினா அங்கே வலிக்கும்

அந்த சைட் எஃபெக்ட் என்னன்னு பார்க்கலாம். சர்வீஸ்கள் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிற்கும். எந்த சர்வீஸையாவது டபுள் கிளிக் பண்ணி ‘டிபென்டன்சீஸ்’ டேபுக்குப் போங்க. இது யாரை நம்பி இருக்கு, இதை நம்பி யார் இருக்காங்கன்னு ரெண்டு பட்டியல் வரும். பாதிப் பேர் இந்த டேபைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாங்க. சில சாம்பிள்:

‘டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்’ போனா வைஃபை காலி. நெட்வொர்க் லிஸ்ட்டே காட்டாது.

‘டிஹெச்சிபி கிளையன்ட்’ போனா வைஃபை கனெக்ட் ஆன மாதிரி இருக்கும், ஆனா நெட் வராது. ரவுட்டர்கிட்டேருந்து ஐபி அட்ரஸ் வாங்கித் தர ஆள் இல்லையே!

‘விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்’னு வாய்ல நுழையாத பேரா இருக்கேன்னு அதை ஆஃப் பண்ணினா, அதை நம்பியிருக்கிற ‘விண்டோஸ் ஆடியோ’வும் சேர்ந்து படுத்துக்கும். சவுண்டு அவுட்.

‘விண்டோஸ் கேமரா ஃப்ரேம் சர்வர்’ போனா சில ஆப்கள்ல கேமரா கறுப்பாவே நிற்கும். எப்போ தெரியும்? ஆன்லைன் இன்டர்வியூவுல ஹெச்.ஆர். ‘கேமரா ஆன் பண்ணுங்க’ன்னு சொல்லும்போது தெரியும்!

‘பிரின்ட் ஸ்பூலர்’ போனா பிரின்டர் மட்டுமில்லை, ‘மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்’பும் போயிடும். குரோம்ல வர்ற ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ தனி, அது தப்பிச்சுக்கும்.

இதுல நிஜமான சிக்கல் என்னன்னா, தப்பு நடந்த நாள் ஒண்ணு, வலிக்கிற நாள் வேற. ஜூலையில ஆஃப் பண்ணது அக்டோபர்ல புராஜெக்ட் ரிவ்யூ அன்னிக்குத் தலைகாட்டும். நல்ல காலம் இருந்தா ‘எரர் 1058’னு ஒரு மெசேஜ் வரும். சர்வீஸ் டிசேபிள் ஆகியிருக்குன்னு அதுக்கு அர்த்தம். இல்லைன்னா டிரைவர் போச்சுன்னு நினைப்போம், ஹார்டுவேர் போச்சுன்னு நினைப்போம், கடைசியா ஃபார்மட் அடிப்போம். 40 எம்பி மிச்சம் பிடிச்சதுக்கு ஒரு முழு ராத்திரி காலி.

வைரஸும் நம்ம டாக்டரும்

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் தொல்லை. இனிமே சொல்லப் போறது ஆபத்து.

2008 நவம்பர்ல ‘கான்ஃபிக்கர்’னு ஒரு வோர்ம் கிளம்புச்சு. விண்டோஸோட ‘சர்வர்’ சர்வீஸ்ல இருந்த ஓட்டை வழியா உள்ளே நுழைஞ்சது. உள்ளே வந்ததும் அது செஞ்ச முக்கிய வேலைகள்ல ஒண்ணு, சில சர்வீஸ்களை நிறுத்தினது. எதையெல்லாம் தெரியுமா? விண்டோஸ் அப்டேட், செக்யூரிட்டி சென்டர், டிஃபெண்டர், எரர் ரிப்போர்ட்டிங்!

எங்கேயோ பார்த்த லிஸ்ட் மாதிரி இல்லை? ‘லேப்டாப்பை வேகமாக்க இதையெல்லாம் ஆஃப் பண்ணுங்க’ன்னு சுத்திக்கிட்டு இருக்கிற பட்டியல்கள்ல இந்தப் பேர்கள் இன்னமும் இருக்கு. திருடன் பூட்டை உடைக்கக் கஷ்டப்பட வேண்டியிருந்துச்சு, நம்ம ஆளுங்க கதவைத் திறந்தே வெச்சுடறாங்க.

அடுத்தது 2017. மார்ச் 14-ம் தேதி மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் விட்டுச்சு. எஸ்எம்பி1-ங்கிற பழைய ஃபைல் ஷேரிங் முறையில இருந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட். மே 12-ம் தேதி ‘வானாக்ரை’ அதே ஓட்டையைப் பிடிச்சுக்கிட்டு உலகம் முழுக்கப் பரவி, ஃபைல்களைப் பூட்டி வெச்சுப் பணம் கேட்டுச்சு. நடுவுல 59 நாள். இங்கிலாந்து அரசு மருத்துவமனைகள்ல நோயாளிகளோட அப்பாயின்ட்மென்ட்களை ரத்து பண்ற அளவுக்குப் போச்சு. அப்டேட் போட்டிருந்த மெஷின்கள்ல அந்த ஓட்டை அடைபட்டிருந்துச்சு. அப்டேட் சர்வீஸையே நிறுத்தி வெச்சிருந்தவங்களுக்கு அந்த 59 நாளும் பிரயோஜனம் இல்லாம போச்சு.

‘அது சரி, ஹாட்ஸ்பாட்ல இருக்கும்போது அப்டேட் டேட்டாவை முழுங்குதே?’னு கேட்கறீங்களா? நியாயமான கோபம்தான். அதுக்குன்னு சர்வீஸோட கழுத்தைப் பிடிக்க வேண்டாம், தனித்தனியா ஸ்விட்ச் இருக்கு. ஹாட்ஸ்பாட் கனெக்‌ஷனை ‘மீட்டர்டு’னு மாத்துங்க. எக்ஸாம் நேரத்துல அப்டேட்டை ‘பாஸ்’ பண்ணுங்க, அஞ்சு வாரம் வரைக்கும் தள்ளிப் போடலாம். ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ல போய், மத்த கம்ப்யூட்டர்களோட அப்டேட்டைப் பகிர்ந்துக்கிற வசதியை ஆஃப் பண்ணுங்க. அதுக்கு மேல அப்டேட் சர்வீஸை வம்படியா டிசேபிள் பண்ணினாலும், அதைச் சரி பண்ண ‘விண்டோஸ் அப்டேட் மெடிக்’னு இன்னொரு சர்வீஸ் காவலுக்கு இருக்கு!

அப்போ ஆஃப் பண்ணவே கூடாதா?

யார் சொன்னா? பண்ணலாம். ஆனா காரணம் வேகமா இருக்கக் கூடாது, பாதுகாப்பா இருக்கணும்.

2021 கோடையில ‘பிரின்ட்நைட்மேர்’னு ஒரு ஓட்டை வெளியே வந்துச்சு. பிரின்ட் ஸ்பூலர் வழியா உள்ளே வந்து, மெஷினை முழுசா கன்ட்ரோல் எடுக்கிற அளவுக்குப் பெரிய ஓட்டை. அப்போ மைக்ரோசாஃப்ட்டே சொன்ன தற்காலிக வழிகள்ல ஒண்ணு, ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி டிசேபிள் பண்றது. பிரின்டரே இல்லாத ஒரு சர்வர்ல ஸ்பூலர் எதுக்கு ஓடணும்? ஓடாத புரோகிராம்ல இருக்கிற ஓட்டை வழியா யாரும் உள்ளே வர முடியாதே.

லினக்ஸ் பார்ட்டிகளும் சிரிக்க வேண்டாம். 2024 செப்டம்பர்ல அங்கேயும் பிரின்டிங் பக்கம்தான் ஓட்டை. ‘கப்ஸ்-பிரவுஸ்டு’ சர்வீஸ் தேவையில்லைன்னா நிறுத்துங்கன்னுதான் அங்கேயும் சொன்னாங்க. அங்கே வார்த்தைதான் கொஞ்சம் குழப்பும். சிஸ்டம்டியில ‘டிசேபிள்’னா பூட் ஆகும்போது தானா வராது, வேற சர்வீஸ் கூப்பிட்டா வந்துடும். அதாவது விண்டோஸோட ‘மேனுவல்’ மாதிரி. ‘மாஸ்க்’னு கொடுத்தாதான் கூப்பிட்டாலும் வராது.

ஆக, கேள்வி இவ்வளவுதான்: இந்த சர்வீஸ் என்ன செய்யுதுன்னு ஒரே வரியில சொல்ல முடியுதா? அது எனக்குத் தேவையே இல்லைன்னு உறுதியா தெரியுமா? ரெண்டுக்கும் ‘ஆமாம்’னா கை வைங்க. ஒண்ணுக்கு ‘தெரியலை’ன்னாலும் கையை எடுங்க.

நிஜமான குற்றவாளி யார்?

லேப்டாப் ஸ்லோவா இருக்கிறது பொய் இல்லையே? இல்லை. ஆனா குற்றவாளியை நாம தப்பான தெருவுல தேடறோம். சர்வீசஸ் லிஸ்ட்ல மைக்ரோசாஃப்ட்டோட ஆளுங்களை விட்டுட்டு, நாம கூட்டிட்டு வந்த ஆளுங்களைப் பாருங்க.

டிபிஎம்எஸ் லேபுக்காக இன்ஸ்டால் பண்ணின மைஎஸ்க்யூஎல் ஞாபகம் இருக்கா? எக்ஸாம் முடிஞ்சு, அரியரும் க்ளியர் ஆகி, நாம மறந்தே போயிருப்போம். அது மறக்கலை. தினம் சிஸ்டம் ஆன் ஆகும்போதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா வந்து உட்கார்ந்துக்குது. ஆரக்கிள் எக்ஸ்இ போட்டவங்க இன்னும் பாவம். அதோட 21சி எடிஷன் 2 ஜிபி வரைக்கும் ரேம் எடுத்துக்கலாம்னு ஆரக்கிளே வரம்பு வெச்சிருக்கு. 8 ஜிபி லேப்டாப்ல அது கால் பங்கு! விண்டோஸோட பத்து சர்வீஸை வதைச்சாலும் இவ்வளவு கிடைக்காது. இதையெல்லாம் ‘மேனுவல்’ல போடுங்க. லேப் இருக்கிற அன்னிக்கு மட்டும் ஸ்டார்ட் பண்ணிக்கலாம். இனி வேண்டாம்னா அன்இன்ஸ்டால்.

அடுத்து, டாஸ்க் மேனேஜர்ல ‘ஸ்டார்ட்அப்’ டேப். கேம் லாஞ்சர், மீட்டிங் ஆப், ஏதேதோ அப்டேட்டர்னு ஒரு கல்யாணக் கூட்டமே இருக்கும். இங்கே தைரியமா டிசேபிள் பண்ணலாம், பெரும்பாலும் எதுவும் உடையாது. டிரைவர் பேரா இருந்தா மட்டும் யோசிங்க.

டிஸ்க் எப்பவும் 100 சதவீதத்துல நின்னா, லேப்டாப்ல இருக்கிறது பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்கான்னு பாருங்க. ஆமாம்னா எஸ்எஸ்டி மாத்துறதுதான் வழி. எந்த சர்வீஸை நிறுத்தினாலும் அந்த வேகம் வராது.

கை வெச்சே தீருவேன்னா...

1. ஒரு நேரத்துல ஒரே ஒரு சர்வீஸ். பத்தை ஒண்ணா மாத்தினா எது எதை உடைச்சதுன்னு எப்பவும் தெரியாது.

2. நேரா டிசேபிள் வேண்டாம். முதல்ல ‘ஸ்டாப்’ மட்டும். அந்த செஷனுக்கு நிற்கும். ஆட்டோமேட்டிக் சர்வீஸா இருந்தா ரீஸ்டார்ட் பண்ணினா பழையபடி வந்துடும். ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. பிரச்னை இல்லைன்னா ‘மேனுவல்’. டிசேபிள் கடைசி.

3. லேப் ரெக்கார்டு எழுதுறீங்கதானே? அதே மாதிரி தேதி, சர்வீஸ் பேர், முன்னே என்ன, இப்போ என்ன, எவ்வளவு ரேம் குறைஞ்சதுன்னு அஞ்சு காலம் போட்டு நோட்டுல எழுதுங்க. லேப்டாப்புக்குள்ள ஃபைலா வெச்சா, அது பூட் ஆகலைன்னா என்ன பண்ணுவீங்க?

4. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட் ஒண்ணு போட்டுக்குங்க. மாட்டிக்கிட்டா, லாகின் ஸ்கிரீன்ல ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டே ரீஸ்டார்ட் கொடுங்க. அங்கேருந்து சேஃப் மோடுக்குப் போய், மாத்தினதைத் திருப்பி மாத்தலாம்.

5. நிஜமாவே கத்துக்கணும்னு ஆசையா? விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். அதுல விண்டோஸைப் போட்டு, ஸ்னாப்ஷாட் எடுத்துட்டு, எல்லா சர்வீஸையும் ஒவ்வொண்ணா கொன்னு பாருங்க. எது செத்தா எது சாகுதுன்னு தெரியும். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பருக்கும் உதவும்!

டவுட் கார்னர்

டாஸ்க் மேனேஜர்ல ‘சர்வீஸ் ஹோஸ்ட்’னு ஏகப்பட்டது ஓடுதே, வைரஸா?

பெரும்பாலும் இல்லை. முன்னாடி பல சர்வீஸ்கள் ஒரே எஸ்விசிஹோஸ்ட்டுக்குள்ள கூட்டுக்குடும்பமா இருந்துச்சு. 2017-ல வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட்லேருந்து, ரேம் 3.5 ஜிபிக்கு மேல இருந்தா பெரும்பாலானதைத் தனிக்குடித்தனம் வெச்சுடறாங்க. ஒண்ணு க்ராஷ் ஆனா மத்தது தப்பிக்கும். எண்ணிக்கை கூடினது அதனாலதான்.

சிஸ்மெயினை ஆஃப் பண்ணலாமா?

பழைய பேர் சூப்பர்ஃபெட்ச். நாம அடிக்கடி திறக்கிற புரோகிராம்களைக் காலியா இருக்கிற ரேம்ல முன்கூட்டியே கொண்டுவந்து வைக்கும், வேற யாராவது கேட்டா உடனே இடம் கொடுத்துடும். ரேம் பத்தாதப்போ கை கொடுக்கிற ‘மெமரி கம்ப்ரெஷ’னும் இதை நம்பித்தான் இருக்கு. அதனால ரேம் கம்மியா இருக்கிறவங்க இதை நிறுத்துறது பல நேரம் எதிர்விளைவுதான். பழைய ஹார்ட் டிஸ்க் மெஷின்ல டிஸ்க் ஓயாம ஓடினா, ‘ஸ்டாப்’ பண்ணிச் சோதிச்சுப் பார்க்கிறதுல தப்பில்லை.

ஒரே கிளிக்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ற ஸ்கிரிப்ட் கிடைக்குதே?

அதை அட்மின் உரிமையோட ஓட்டச் சொல்றாங்களா? உள்ளே என்ன எழுதியிருக்குன்னு வரிக்கு வரி படிச்சுப் புரிஞ்சுக்க முடிஞ்சா ஓட்டுங்க. முடியலைன்னா, முன்பின் தெரியாத ஒருத்தர் கையில வீட்டுச் சாவியைக் கொடுக்கிற மாதிரிதான்.

டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை

உங்க லேப்டாப்பை நீங்க என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க. உடைச்சாதானே ஒட்ட கத்துக்க முடியும்! ஆனா மெக்கானிக்கல் படிக்கிற நண்பனோட லேப்டாப், ஜூனியரோட லேப்டாப்னா கதை வேற. அப்பா ஈஎம்ஐ கட்டிக்கிட்டு இருக்கிற லேப்டாப் அது. அதுல ஃபைனல் இயர் புராஜெக்ட் இருக்கு, பேக்கப் எடுத்திருக்க மாட்டான். நீங்க அப்டேட்டையும் டிஃபெண்டரையும் ஆஃப் பண்ணிட்டு ‘பறக்கும்’னு சொல்லிட்டு வந்துடுவீங்க. ஆஃப் ஆகியிருக்குன்னு அவனுக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள் ஃபைல் எல்லாம் பூட்டிக்கிட்டா நஷ்டம் அவனுக்கு, பேர் மட்டும் உங்களுக்கு.

அடுத்தவங்க லேப்டாப்ல கை வெச்சா, மாத்தினதை ஒரு பேப்பர்ல எழுதி அவங்க கையில கொடுத்துட்டு வாங்க. எழுதிக் கொடுக்கத் தயக்கமா இருந்தா, அந்த மாற்றத்தைப் பண்ணவே பண்ணாதீங்க. இதைவிட சிம்பிளான டெஸ்ட் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

அடுத்த வாரம்: பென் டிரைவை ‘சேஃப்லி ரிமூவ்’ பண்ணாம பிடுங்கினா நிஜமாவே என்ன ஆகும்? அதுவரைக்கும், டிபிஎம்எஸ் லேப் சர்வீஸ் இன்னும் ஓடுதான்னு ஒரு தடவை பார்த்துடுங்க!